முக்திநாத் யாத்திரை: ஆதார் போதுமா, ஒரே நாளில் திரும்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது, அம்மாவுக்கு 63. அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இருவரும் அக்டோபரில் நேபாளம் போய் முக்திநாத் சேவிக்க ஆசைப்படுகிறார்கள். பாஸ்போர்ட் இருவரிடமும் இல்லை. "ஆதார் போதும். போக்ராவில் காலை விமானம், மதியம் தரிசனம், மாலையே போக்ரா திரும்பிவிடலாம். முஸ்டாங் பெர்மிட்டுக்கு மட்டும் தனிக் கட்டணம்" என்கிறார் ஏஜென்ட். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்று பாதி உண்மை, மற்ற இரண்டும் தவறு.

முதலில் ஆதார். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போக, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. வயதையும் அடையாளத்தையும் காட்டும் புகைப்பட அட்டை இருந்தால் அவர்களுக்குப் போதும், அது ஆதாராகவும் இருக்கலாம். ஆக, உங்கள் அப்பா ஆதாருடன் போகலாம், அம்மா போக முடியாது. கவுன்டரில் அப்பாவுக்கு போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டு அம்மாவை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஏஜென்ட்டின் போன் எடுக்கப்படாது.

அப்பா விஷயத்திலும் ஒன்றைப் பாருங்கள். பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் முழுப் பிறந்த தேதி இருக்காது, ஆண்டு மட்டுமே இருக்கும். 69 வயதுக்காரருக்கு அதனால் சிக்கல் வராது. ஆனால் 65ஐ ஒட்டிய வயதில் யாராவது உடன் வந்தால், பயண நாளில் 65 கடந்துவிட்டது என்பது அட்டையிலிருந்தே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாஸ்போர்ட் எடுப்பதே வழி. வேறு தளர்வுகள் உண்டு என்று யார் சொன்னாலும் அதை நம்பி விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள். விதியைப் பொறுமையாகப் படிக்கும் இடம் அதுவல்ல. ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது, அதனால்தான் ஏற்பதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 66 வயதில் மட்டும் அது எப்படிச் சான்றாகிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. சிம் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் விடாமல் கேட்கிற அட்டை, விசாவே வேண்டாத பக்கத்து நாட்டுக்குப் போக உதவாது!

அம்மாவுக்கு வாக்காளர் அட்டை இருந்தால் அசலை எடுத்துச் செல்லட்டும். போனில் உள்ள படமும் கலர் ஜெராக்ஸும் வேண்டாம். அட்டையில் உள்ள பெயரே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். ஏஜென்ட்டோ இனிஷியலை விரித்துக் கணவர் பெயரைக் கடைசியில் சேர்த்து டிக்கெட் போட்டிருப்பார். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அட்டையின் நகலை அனுப்பி, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அவகாசம் இருப்பதால் இருவருக்குமே பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து, ஒரே நாள் கணக்கு. முக்திநாத்துக்கு விமானம் கிடையாது. போக்ரா நகரிலிருந்து ஜோம்சோம் என்ற மலையூர் வரை சிறிய விமானம், ஏறத்தாழ 20 நிமிடம். அங்கிருந்து ராணிபௌவா கிராமத்துக்கு ஜீப், ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை ஏற்றத்தில் அரை மணி நேர நடை. நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை கிடைக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையில்தான் பறக்கும். அன்னபூர்ணா, தவுலகிரி மலைகளுக்கு நடுவிலுள்ள காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், வெயில் ஏறியதும் தெற்கிலிருந்து பலத்த காற்று கிளம்பும். முற்பகல் முடிவதற்குள் விமானச் சேவை நின்றுவிடும். ஆக, மதியம் தரிசனம் செய்துவிட்டு மாலை விமானத்தில் திரும்புவது நடக்காத காரியம். அந்தத் திட்டத்தில் போனவர்கள் இரண்டில் ஒன்றில் முடிவார்கள்: இரவெல்லாம் மலைச் சாலையில் ஜீப்பில் குலுங்குவார்கள், அல்லது அறை மலிவு என்று ராணிபௌவாவிலேயே தங்கவைக்கப்படுவார்கள்.

இரண்டாவதுதான் ஆபத்து. போக்ரா சுமார் 820 மீட்டர் உயரம், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700. முக்திநாத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சில மணி நேரம் போய் வருவதை உடல் பெரும்பாலும் தாங்கும். பழகாத உடலோடு முதல் இரவே அங்கே தூங்குவதுதான் தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் தொடங்கி மோசமாகப் போகும். எனவே இப்படிப் போங்கள்: முதல் நாள் காலை ஜோம்சோம் வந்து அன்று முழுக்க ஓய்வு. இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பித் தரிசனம் முடித்து, தூங்குவதற்கு மீண்டும் ஜோம்சோம். மூன்றாம் நாள் காலை விமானம்.

அம்மா இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. உயரமான இடத்தில் ஆக்ஸிஜன் குறைவால் வரும் இந்த உயர நோயைத் தடுக்க அசெடசோலமைடு என்ற மாத்திரை உண்டு. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. இதை ஏஜென்ட் கையிலிருந்து வாங்கிப் போடக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாமல் போகலாம். அம்மாவின் மாத்திரைகளில் சிறுநீர் பிரியவைப்பது ஏதாவது இருந்தால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தரிசனத்தை விட்டுவிட்டு உடனே கீழே இறங்குங்கள். கடைகளில் விற்கும் ஆக்ஸிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதை நம்பி மேலே தங்கக் கூடாது. கோயிலில் உள்ள 108 தாரைகளிலும் இரண்டு குளங்களிலும் தண்ணீர் பனியாகக் குளிரும். அம்மா தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு முங்காமல் போவதா" என்று குழுவில் யாராவது கண்டிப்பாகத் தூண்டுவார்கள்.

முஸ்டாங் பெர்மிட் என்பது அப்பட்டமான பண வசூல். டாலரில் கட்டணம் கேட்கும் அந்த அனுமதி, காக்பேனி கிராமத்துக்கு வடக்கே உள்ள மேல் முஸ்டாங்குக்கு மட்டும்தான். முக்திநாத் இருப்பது அதே முஸ்டாங் மாவட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் முஸ்டாங்கில். அங்கே தேவைப்படுவது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி நுழைவு அனுமதி. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அது 1,000 நேபாள ரூபாய். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மதிப்பில் நம் பணத்தில் 625 ரூபாய். நேபாள உள்நாட்டு விமானக் கட்டணத்திலும் இதே விளையாட்டு உண்டு. இந்தியர்களுக்கென்று தனிக் கட்டணம் இருக்கும்போது, மற்ற வெளிநாட்டவருக்கான டாலர் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள். டிக்கெட்டில் அச்சான தொகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹெலிகாப்டர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. லேசான தலைவலிக்கே "உடனே மீட்பு" என்று அழைத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் பெரிய பில் போடும் மோசடி 2018இல் நேபாளத்தில் பெரிதாக வெடித்தது. பயணக் காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டர் வரை செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கைப்பணம் 100 ரூபாய் நோட்டுகளாக இருக்கட்டும். பெரிய நோட்டு பற்றிய விதி மாறிக்கொண்டே இருக்கிறது, மலைக் கடைக்காரர் அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அக்டோபர் நல்ல மாதம்தான். ஆனால் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசாயின் பெரும்பாலும் அப்போதுதான் வரும், அரசு அலுவலகங்கள் மூடிக் கிடக்கும், டிக்கெட் கிடைப்பது கடினம். ஜோம்சோம் விமானம் வானிலையால் ரத்தாவது சாதாரணம். ரத்து செய்ததற்காகச் சண்டை போடாதீர்கள், 2022 மே 29 அன்று இதே தடத்தில் விழுந்த விமானத்தில் 22 பேர் இறந்தார்கள். ரத்தானால் பெனி என்ற ஊர் வழியாக ஜீப்பில் ஒரு முழு நாள் பயணம். அந்த ஜீப் செலவு யாருடையது, விமானக் கட்டணம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை முன்பணம் கட்டும் முன் எழுதி வாங்குங்கள். ஜோம்சோமிலிருந்து கிளம்பும் நாளுக்கும் காத்மாண்டுவில் இந்திய விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே இரண்டு நாளாவது காலியாக விடச் சொல்லுங்கள்.