மண்டப வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

கல்யாண மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, கேமரா கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவில் கோளாறு இல்லை, சர்வீஸுக்குக் கொடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். நொடிக்கு 30 ஃபிரேமில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/60 நொடி வைத்து எடுத்ததாகச் சொல்கிறீர்களே, காரணம் அதுதான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மண்டபத்து டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. 1/60 நொடியில் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும். ஆகவே சில வரிகளுக்கு வெளிச்சம் கூடுதல், சிலவற்றுக்குக் குறைவு, அதுதான் பட்டை. 1/50 அல்லது 1/100 வைத்தால் முழுத் துடிப்புகளாக அடங்கிவிடும், பட்டை போய்விடும். யூடியூபில் 1/60 சொல்பவர்கள் பலர் அமெரிக்கர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு அது சரி.

என்னைக் கேட்டால் கேமரா மெனுவில் வீடியோ முறையை என்டிஎஸ்சியிலிருந்து (NTSC, 60 ஹெர்ட்ஸுக்கானது) பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) என்று மாற்றி, 25 ஃபிரேமில் 1/50 வைத்து எடுப்பேன். ஸ்லோமோஷனுக்கு 50 ஃபிரேம், 1/100.

மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் மட்டும் இதற்கு அடங்காது. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்டவை வேறு வேகத்தில் துடிக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள், முடிந்தால் விளக்கை முழுப் பிரகாசத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எடுத்து முடித்த முகூர்த்தக் காட்சிக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் டீஃப்ளிக்கர் என்ற, துடிப்பைக் குறைக்கும் வசதி இருக்கிறது. லேசான பட்டை என்றால் நன்றாகவே குறையும். அடர்த்தியாக இருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.