கருத்தரங்குக்குப் பிறகு நான்கு நாள்

அன்புள்ள ஐயா,

அக்டோபர் கடைசியில் கியோட்டோவில் மூன்று நாள் கருத்தரங்கு. என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். விமானச் செலவைப் பல்கலைக்கழகம் தருகிறது. கூடவே நான்கு நாள் விடுப்பு எடுத்து டோக்கியோ, ஃபியூஜி மலை, நாரா, ஹிரோஷிமா எல்லாம் பார்த்துவிட ஆசை. ஆனால், அடுத்தவர் காசில் ஊர் சுற்றுகிறோமோ என்று மனசு உறுத்துகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உறுத்தவே வேண்டாம். கூடுதல் நாட்களுக்கான அறை, சாப்பாடு, ரயில் எல்லாம் உங்கள் கைக்காசு. திரும்பும் தேதி தள்ளிப்போவதைத் துறையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். ஜப்பானின் குறுகிய கால விசாவில் கூட்டங்களில் கலந்துகொள்வதும் சுற்றிப் பார்ப்பதும் அடங்கும். விண்ணப்பத்தோடு தரும் நாள்வாரித் திட்டத்தில் அந்த நான்கு நாளையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தப்பு எங்கே வருகிறதென்றால், அமர்வுக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்புவதில். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். கடைசி நாள் மதியம் ஒரு தோட்டம் பார்க்கப் போய்விட்டேன். என் கட்டுரையைப் பற்றிப் பேச ஒரு மூத்த பேராசிரியர் அரங்கில் என்னைத் தேடியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. தோட்டத்துக்கு மறுபடி போகலாம், அவரைச் சந்திக்க அப்புறம் வாய்க்கவே இல்லை. அந்த மூன்று நாளையும் கருத்தரங்குக்கே கொடுங்கள்.

சரி, உங்கள் பட்டியல். நான்கு நாளுக்கு அது அதிகம். டோக்கியோவை இந்த முறை விட்டுவிடுங்கள். ஃபியூஜியில் மலையேற்றக் காலம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். அதையும் விட்டுவிடுங்கள். கியோட்டோவுக்குத் தோதான கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்தே திரும்பினால், கியோட்டோவில் ஒரே அறையில் பெட்டியை வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் பார்க்கலாம். ஜப்பான் முழுதும் சுற்றுவதற்கான ஏழு நாள் ரயில் பாஸும் வேண்டாம். 2023 அக்டோபரில் அது 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய்வர அதில் பாதிகூட ஆகாது.

நாராவுக்கு முழுதாக ஒரு நாள் கொடுங்கள். ரயிலில் முக்கால் மணி நேரம்தான். தோதாய்ஜி கோயிலின் வெண்கல புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. சீனாவில் இருந்தவரை அழைத்து வந்தார்கள், 736-இல் ஜப்பான் வந்து சேர்ந்தார். அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். கீழே கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறப்பதில் தங்கள் கையும் இருக்க வேண்டும் என்று. இதைப் படித்த பிறகு அந்தச் சிலை முன்னால் நின்றபோது எனக்கு முதலில் கயிறுதான் ஞாபகம் வந்தது. தூரிகையும் கயிறும் ஷோசோஇன் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கருவூலத்தின் பொருட்களை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம் போலக் காட்சிக்கு வைப்பார்கள். உங்கள் தேதிக்குச் சரியாக அமைகிறது. காட்சிப் பொருட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கயிறே கிடைக்காமல் போகலாம். ஆனாலும் முன்பதிவு செய்து போய்ப் பாருங்கள்.

கியோட்டோவிலுள்ள ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். பகலில் அங்கே கூட்டம் தாங்காது.

ஹிரோஷிமா, கியோட்டோவிலிருந்து ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அதில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை அன்றிரவே இறந்துபோனான். அப்பா அவனையும் சைக்கிளையும் வீட்டுக் கொல்லையில் சேர்த்தே புதைத்தார். நாற்பது வருடம் கழித்துத் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பலர் அதே நாளில் பக்கத்திலுள்ள மியாஜிமா தீவையும் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் சேர்க்காதீர்கள். அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.