மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிபியு (செயலி), 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் உள்ள 2013 லேப்டாப்பில் புது மென்பொருள்களை ஓட்ட முடியுமா? எதை மாற்ற வேண்டும்?

பெரும்பாலானவை ஓடும். ஆனால் மெதுவாக ஓடுவது வேறு, ஓடவே மறுப்பது வேறு. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு ராம் வாங்கிப் போட்டாலும் பலன் இல்லை.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு 20, 30 என்று சும்மா இருந்தால், இழுத்துப் பிடிப்பது ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க், சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தராது. சாட்டா இணைப்பில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) பல்லாயிரம் முறை தரும். 4 ஜிபி ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில்தான் எழுதும், அதனால் இரட்டை அடி.

ஆகவே முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையை வாங்கிவிடாதீர்கள், அந்தக் கால போர்டில் பெரும்பாலும் இடமே இருக்காது. பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், புது எஸ்எஸ்டி 7 மிமீ; ஆடினால் ஓரத்தில் ஸ்பேசர் வைத்தால் போதும். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு விண்டோஸைப் போடுங்கள். பிறகு அந்த மோடை மாற்றினால் விண்டோஸ் ஏறாமல் நீலப் பிழைத்திரை வரும்.

அடுத்து ராம், மொத்தம் 8 ஜிபி. டிடிஆர்3எல் (குறைந்த வோல்ட் டிடிஆர்3) வகையாக வாங்குங்கள். அது 1.35 வோல்ட், 1.5 வோல்ட் இரண்டிலும் ஓடும். 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் டிடிஆர்3-ஐ அடுத்த, அதாவது நான்காம் தலைமுறை லேப்டாப்பில் செருகினால் திரையே வராது. பலர் ஸ்லாட் போய்விட்டது என்று நினைப்பது இதனால்தான். பவர், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

இனி ஓட மறுப்பவை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பையும், எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் சிபியுவையும் கேட்கும். ரூஃபஸ் என்ற யுஎஸ்பி தயாரிக்கும் மென்பொருளில் அந்தச் சோதனையை நீக்கி யுஎஸ்பி தயாரித்தால் உங்கள் ஐ3-இல் ஏறிவிடும். ஆனால் பெரிய அப்டேட்டுகளை ஒவ்வொரு முறையும் நீங்களேதான் போட வேண்டியிருக்கும். இதைவிடப் பழைய கோர் 2 டுவோ இயந்திரத்தில் இந்த வித்தையும் செல்லாது: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குத் தேவையான பாப்கவுன்ட் என்ற சிபியு கட்டளை அந்த சிபியுவில் இல்லை, பூட் ஆகவே ஆகாது.

இந்த வம்பு வேண்டாம் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் 22, அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு. நிறுவும் முன் யுஎஸ்பியிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, பிரைட்னஸ் விசை மூன்றையும் சோதியுங்கள்.

கிராஃபிக்ஸ்தான் தீராத இடம். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் 4.0, ஓபன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் தரத்தின் 4.3 பதிப்பைக் கேட்கிறது; உங்கள் ஐ3-க்குள் இருக்கும் எச்டி 4000 கிராஃபிக்ஸ் விண்டோஸில் ஓபன்ஜிஎல் 4.0-வுடன் நின்றுவிடும். பிளெண்டர் 3.6 போதும் என்று இருந்துவிடுங்கள்.

யூடியூப் பார்க்கும்போது மின்விசிறி கத்துகிறதா? யூடியூப் அனுப்பும் விபி9 வடிவ வீடியோவை இந்த சிப் வன்பொருளில் பிரிக்காது, முழுச் சுமையும் சிபியு மேல்தான். பிரவுசரில் எச்264ஃபை நீட்டிப்பைச் சேர்த்தால் வீடியோ, இந்த சிப் வன்பொருளிலேயே பிரிக்கும் எச்.264 வடிவில் வரும், சத்தமும் குறையும். 1080பிக்கு மேலே கிடைக்காது, அந்தத் திரைக்கு அது தேவையும் இல்லை.