பன்னிரண்டு லட்சம் கடனில் எம்.பி.ஏ. வேண்டாம், ஐயா

போன வாரம் கோவை பக்கத்துச் சோமனூரிலிருந்து நீங்கள் குடும்பத்தோடு வந்திருந்தபோது பேசியதை எழுதித் தரச் சொன்னீர்கள். இதே தவிப்பில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், வணிகக் கணிதத்தோடு. மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது. ஐந்து வருட எம்.பி.ஏ. ஒன்றில், தன் மகன் படிக்கும் தனியார் பல்கலைக்கழகத்திலேயே சேர்க்கச் சொல்கிறார் தாய்மாமன். விடுதியோடு 15 லட்சம். கையில் இருப்பது 3 லட்சம். "நாலு பேர் மத்தியில் பொண்ணு குறைஞ்சு போயிடக் கூடாது" என்றார் அம்மா. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கடனுக்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சத்தை வருடத்துக்கு 2.4 லட்சமாக வங்கி கொடுக்கும். வட்டி 11 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனி வட்டியாகப் போட்டாலே 5.28 லட்சம் ஏறிவிடும். 17.28 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 23,800 ரூபாய் தவணை. முதல் வேலையில் மாதம் 25,000 அல்லது 30,000 வாங்கும் பெண் இதைக் கட்டிவிட்டு வாடகை எப்படிக் கொடுப்பாள்? கட்ட முடியாமல் போனால் பாரம் உங்கள் தலையில்தான் விழும். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். உங்களிடம் இருப்பது அந்த ஒரு வீடு, தறி ஓடும் கொட்டகையும் அதே இடத்தில். மாமா தவணை கட்டப் போவதில்லை.

"கடன் இருந்தால்தான் பிள்ளைக்குப் பொறுப்பு வரும்" என்று அவர் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் பார்த்தவரை அது பயத்தைத்தான் தருகிறது. தவணை கழுத்தை நெரிக்கும்போது, பிடிக்காத வேலையை விடவும் முடியாது, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் நன்றாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்குப் போகவும் முடியாது. இருபதுகளில் ஒருவருக்கு வேண்டிய முதல் சொத்து அந்தச் சுதந்திரம்.

வங்கித் தேர்வு, சி.ஏ., அரசுப் பணித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நீங்கள் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. அதுதான் சி.எம்.ஏ., அதாவது செலவு மற்றும் மேலாண்மைக் கணக்காளர் படிப்பு. பழைய ஆட்களுக்கு ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றால் தெரியும். ஒரு பொருளை உண்டாக்க உண்மையில் என்ன செலவாகிறது, எங்கே பணம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தியச் செலவுக் கணக்காளர்கள் நிறுவனம் இதை நடத்துகிறது. தலைமையகம் கொல்கத்தா. கோவையில் அதற்குச் சேப்டர், அதாவது கிளை, இருக்கிறது.

மூன்று கட்டம். முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் நாலு தாள்: வணிகச் சட்டம், நிதி மற்றும் செலவுக் கணக்கியல், வணிகக் கணிதமும் புள்ளியியலும், பொருளாதாரமும் மேலாண்மையும். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். அடுத்து இன்டர், எட்டுத் தாள், இரண்டு குரூப்பாக. ஃபைனலிலும் எட்டுத் தாள். இடையில் 15 மாதம் நேரடிப் பயிற்சி. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். நிறுவனத்துக்குக் கட்டும் பதிவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து, பல முறை எழுத நேராத வரை, ஒரு லட்சத்துக்குள் அடங்கும். கூடவே அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கலாம். திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரிக்கும் கோவை அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம்.

வேலை எங்கே என்று கேட்டீர்கள். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 148 படி, குறிப்பிட்ட தொழில்களில் 35 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் செலவுப் பதிவேடு வைக்க வேண்டும். ஜவுளியும் அந்தப் பட்டியலில் உண்டு. மொத்த விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டி, பட்டியலில் உள்ள பொருளின் விற்பனையும் 35 கோடியைத் தொட்டால், அந்த மில்லுக்குச் செலவுத் தணிக்கையும் கட்டாயம். அதில் கையெழுத்திடுவது, சி.எம்.ஏ. முடித்துச் சொந்தமாகத் தொழில் நடத்தும் காஸ்ட் அக்கவுண்டன்ட் மட்டுமே. மின்சாரம், சர்க்கரை, உரம், மருந்து, சிமென்ட் தொழில்களும் இதில் வரும். பொதுத்துறை நிறுவனங்களின் நிதிப் பணி அறிவிப்புகளில் சி.ஏ.வோடு சி.எம்.ஏ.வையும் சேர்த்தே போடுவார்கள். மத்திய அரசில் இந்தியச் செலவுக் கணக்குப் பணி என்று தனியாகவே குரூப் ஏ பணி உண்டு.

எளிது என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். இன்டரில் ஒரு குரூப்பில் முதல் தடவை தேறாமல் போவது சாதாரணம். பாதியில் நின்றாலும் பி.காம். பட்டம் கையில் இருக்கும், கடன் இருக்காது. இன்டர் முடித்தவர்களுக்கு மில் அக்கவுண்ட்ஸில் வேலை கிடைக்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் மகள் சொன்னது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 1,000 யூனிட் இலவச மின்சாரம் போக மீதிக் கட்டணம், ஆள் கூலி, கழிவு நூல் எல்லாவற்றையும் ஒரு மீட்டர் துணிக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டு, இப்போது ஓடும் ரகத்தில் கூலி கட்டுப்படியாகவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பதினேழு வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்திருக்கிறாள். எம்.பி.ஏ. பற்றிக் கேட்டபோது "மாமா சொன்னாங்க" என்பதற்கு மேல் அவளிடம் பதிலே இல்லை. அவள் விருப்பத்தைத் தள்ளிவிட்டு முடிவெடுக்காதீர்கள். மேலாண்மைதான் வேண்டுமென்றால், நாலு வருடம் சம்பாதித்த பிறகு தன் காசில் அவளே படிக்கட்டும்.

அந்த 3 லட்சத்திலிருந்து கட்டணத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். ஒரு பகுதியில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டு, மீதியை வைப்புநிதியில் போடுங்கள். ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் பிள்ளையின் படிப்பு நின்றுபோன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் வரும் உதவித்தொகையை அவள் கணக்கிலேயே விடுங்கள், எதற்குச் செலவு செய்தாள் என்று தினமும் கேட்காதீர்கள்.

டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31க்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் கோவை சேப்டருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். மாமாவிடம் நான் பேச வேண்டுமென்றால் தாராளமாக அழைத்து வாருங்கள், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன்.