பதினோராம் மணி ஆட்கள்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தவறாமல் சபைக்குக் கொடுத்து வருகிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்த பிறகு கைக்கு வருவதில் தசமபாகம் கணக்கிட வேண்டுமா, பிடிப்பதற்கு முந்திய தொகையிலா? கொடுக்காதவர்கள் வீட்டில்தான் 2022 பொருளாதார நெருக்கடியில் அடி விழுந்தது என்று எங்கள் போதகர் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து பயமாக இருக்கிறது.

இன்னொன்று. என் தம்பி ஹோட்டல் வேலை போய், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே திரும்பிவிட்டான். கிடைக்கிற நாளில் கைக்காசுக்கு, அன்றாடக் கூலிக்கு, போகிறான், மற்ற நாளெல்லாம் சும்மா. லொறி லைசன்ஸ் எடுக்கக் காசு கேட்டான். 'வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது' என்று வேதமே சொல்கிறது என்று மறுத்துவிட்டேன். அம்மா அழுகிறார். நான் செய்தது சரிதானே?

ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள மகள்,

கொஞ்ச காலமாகவே மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதை என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் பயம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த வருடம் நாட்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தியானது, அடுத்த வருடம் 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து இல்லையென்றால் மலையில் வேலை இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கைவிரித்தது. மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாமல் போனது இதனால்தான். பொகவந்தலாவையில் யாரோ காணிக்கைப் பையில் குறைத்துப் போட்டதாலா நாடு கவிழ்ந்தது? பட்டினி கிடந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, நீ கொடுக்காததற்குத் தண்டனை இது என்று சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. வேதத்தில், எல்லாம் இழந்து கிடந்த யோபுவைப் பார்த்து அவருடைய நண்பர்கள் பேசிய பேச்சு அது. அவர்கள் மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டதையும் அதே புத்தகம் சொல்கிறது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

இனி உங்களைத் திட்டப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2 தெசலோனிக்கேயர் 3இலிருந்து ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுத்து உங்கள் தம்பியின் முகத்தில் எறிந்திருக்கிறீர்கள். வசனத்தையும் முழுதாக எடுக்கவில்லை. வேலை செய்ய 'மனதில்லாதிருந்தால்' என்றுதான் பவுல் எழுதுகிறார். ஒருவருக்கும் பாரமாக இருக்கக்கூடாதென்று இரவும் பகலும் தன் கையால் உழைத்த மனிதர் அவர். அவர் கண்டித்தது, வேலையை விட்டுவிட்டு வீண் அலுவலாகத் திரிந்தவர்களை. ஹோட்டல் வேலை போனதால் திரும்பி வந்து, கைக்காசு எங்கே கிடைக்கும் என்று காலையில் எழுந்து பார்க்கிற பையனை அல்ல. லைசன்ஸுக்குக் காசு கேட்கிறவன் எதைக் கேட்கிறான்? வேலையைத்தானே கேட்கிறான்? அதே அதிகாரத்தில், மூன்றே வசனம் தள்ளி, 'நன்மைசெய்வதிலே சோர்ந்துபோகாமலிருங்கள்' என்று இருக்கிறது. அதை ஏன் தம்பிக்குச் சொல்லவில்லை?

திராட்சத்தோட்டக்காரரின் கதைக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களைவிட அதை நன்றாக விளங்கிக்கொள்ள யாரால் முடியும்? காலையில் ஆள் எடுக்கிறார்கள். சிலருக்கு வேலை, சிலருக்கு இல்லை. எஜமான் மறுபடி மறுபடி கடைத்தெருவுக்குப் போகிறார். கடைசியாகப் பதினோராம் மணி வேளையில், அதாவது வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது, போகும்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்கிறார்கள். அந்தப் பதிலை அவர் நம்புகிறார், மகள். காலையில் எங்கே போயிருந்தாய், குடித்துவிட்டுத் தூங்கினாயா என்று விசாரணை நடத்தவில்லை. நீங்களும் போங்கள் என்கிறார். சாயங்காலம், பிந்தி வந்தவனுக்கும் முழு நாள் கூலியான ஒரு பணம்.

நம்முடைய மலையில் குறித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் என்ன நடக்கும்? பாதி நாள் கூலிதான் விழும், அதற்குப் பெயர் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, முழு நாளும் நிரையில் நின்றாலும் தராசு காட்டாவிட்டால் அரைப்பேர். உங்கள் அம்மாவுக்கு எத்தனை தரம் விழுந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இயேசு சொன்ன தோட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் முழுப்பேர் விழுந்தது. ஏனென்றால் அந்த ஒரு பணம் ஒரு வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. அரைப் பணம் கொடுத்தால் அவன் பிள்ளைகள் அரை வயிற்றோடுதான் படுக்க வேண்டும். அவன் செய்த வேலையை மட்டுமே அளந்திருந்தால் அந்த எஜமானும் அரைப்பேர்தான் போட்டிருப்பார். அவனுடைய அடுப்பையும் அவர் நினைத்தார்.

'பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும்' சகித்தோமே என்று முணுமுணுத்தவர்களின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்துக் கொழும்பு போய்க் கணக்கு எழுதும் பெண்ணின் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா' என்று அவர் கேட்டது சோம்பேறியிடம் அல்ல, விடியற்காலையில் வந்த நல்ல வேலைக்காரனிடம்தான்.

சபைக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கையை மூடும் இந்த வியாதி மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டத்துத் தமிழருக்குச் சுவிசேஷம் சொல்லவென்று 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. அதற்குப் பணம் போட்டதில் கோப்பித் தோட்டத்துத் துரைமாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே கோப்பிக் காலத்தில் ஆட்களின் கூலி மாதக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தது. கூலிக்காரனின் கூலியைப் 'பொழுதுபோகுமுன்னே' கொடு என்று உபாகமம் சொல்கிறது. மிஷனுக்குத் திறந்த கை கூலிக்கு ஏன் திறக்கவில்லை? காணிக்கை நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காமல் வைத்த காசைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் அது காணிக்கை ஆகுமா? இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

1973, 74 பஞ்சத்தில் நான் சின்னப் பையன். கூப்பனுக்குக் கிடைத்த அரிசியும் மாவும் குறைந்துபோயின. தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பால்மா டின்னில் போடுவார். பிடி சின்னதாகிக்கொண்டே வந்தது, கடைசியில் மூன்று விரலால் அள்ளினார். அது சபைக்குப் போக வேண்டிய அரிசி. ஒரு சனிக்கிழமை சபைப் பெரியவர் டின்னை வாங்க வந்தபோது அது காலியாக இருந்தது. கீழ் லயத்தில் மாரியம்மன் கும்பிடும் ஒரு வீட்டுக்கு அம்மா கொடுத்துவிட்டிருந்தார். அந்த வீட்டு ஆளைச் செக்ரோலில், தோட்டத்து வேலையாள் பதிவில், இருந்து வெட்டியிருந்தார்கள். பெரியவருக்குக் கோபம். "கர்த்தருக்கு வச்சத யாரக் கேட்டுக் குடுத்த?" என்று சத்தம் போட்டார். அம்மா, "அந்தப் புள்ளைக ரெண்டு நாளாச் சாப்பிடலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டின்னைக் கழுவப் போய்விட்டார். கொடுப்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், எனக்கு நினைவில் நிற்பது இதுதான்.

சேமலாப நிதி விஷயம் கேட்டிருந்தீர்கள். கழித்த பிறகு கைக்கு வருவதில் கணக்கிடுங்கள், மனம் கேட்காவிட்டால் முந்திய தொகையில் கணக்கிடுங்கள். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்கு 7இல் 'கொர்பான்', அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு தரம் வாசியுங்கள். இந்த மாதத்துத் தசமபாகத்தைத் தம்பிக்கு அனுப்புங்கள். போதாவிட்டால் அடுத்த மாதத்ததையும் சேருங்கள். போதகர் கேட்டால், இந்தப் பதிலைக் காட்டி என்னிடம் பேசச் சொல்லுங்கள். காசு அனுப்பும்போது வசனம் எதுவும் சேர்த்து அனுப்ப வேண்டாம். அம்மாவுக்கு இன்று இரவே ஒரு கோல் எடுங்கள்.