'முக்கோணம்' என்றால் மனதில் வருவது எந்த முக்கோணம்?

கண்ணில் படுவதெல்லாம் தனித்தனிப் பொருள்கள்தான். அப்புறம் 'முக்கோணம்' மாதிரி பலவற்றுக்கும் பொருந்தும் பொதுச்சொல்லுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் கேள்வி.

வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, பொதுவாக இருப்பதை மட்டும் வைத்து மனம் ஒரு கருத்தை உருவாக்குகிறது, சொல் அதைத்தான் குறிக்கிறது என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். அப்படிப் பார்த்தால் முக்கோணத்தின் பொதுக் கருத்து சமபக்கமாகவும் இருக்காது, அசமபக்கமாகவும் இருக்காது.

இந்த இடத்தைத்தான் 1710-இல் ஐரிஷ் தத்துவவாதி பார்க்லி பிடித்துக்கொண்டு மறுத்தார். சரி, நீங்களே கண்ணை மூடி ஒரு முக்கோணத்தை நினைத்துப் பாருங்கள். பக்கங்களுக்கு ஏதோ ஒரு விகிதம் இருந்தே தீரும். குறிப்பிட்ட அந்த ஒன்றே மற்ற எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாக நிற்கிறது என்பது அவர் வாதம். செங்கோண முக்கோணத்தை வரைந்து, கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரி என்று நிறுவுகிறோம். செங்கோணம் என்ற விவரத்தை நிரூபணம் தொடவே இல்லை என்றால், முடிவு எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தும். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

ஆனால் அந்த ஒன்று எப்படிப் பிரதிநிதி ஆகிறது? பழக்கத்தால் என்றார் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் (1739). சமபக்க முக்கோணத்தை மனதில் வைத்துக்கொண்டு 'முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சமம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லோடு பழகிய மற்ற வடிவங்கள் உடனே முண்டியடித்து வந்து மறுக்கும். சொல்லின் அர்த்தம் ஒற்றைப் படத்தில் இல்லை, இந்தத் தயார்நிலையில்தான் இருக்கிறது.