3,000 சொல் பட்டியலை என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. எழுதப் போகிறேன். கடினமான ஆங்கிலச் சொற்கள் 3,000 உள்ள பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறேன். இரண்டு மாதத்தில் 400 தாண்டவில்லை. அதிலும் பாதி மறந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அது பழைய தேர்வுக்குப் போட்ட பட்டியல். ஒரு சொல் ஜோடியைக் கொடுத்து அதே உறவுள்ள இன்னொரு ஜோடியைக் கேட்கும் ஒப்புமைக் கேள்விகள் 2005லேயே போயின; அரிய சொற்களைக் கேட்டுத் திணறடித்த வாக்கிய நிரப்புதலும் 2016ல் போயிற்று. இப்போது கணினியில் வருவது 150 சொல்லுக்கு மிகாத சிறு பத்தி. அதில் விடுபட்ட இடத்துக்கு எந்தச் சொல் பொருந்தும், அல்லது ஒரு சொல் அங்கே என்ன பொருளில் வருகிறது என்று கேட்பார்கள். துப்பு பத்திக்குள்ளேயே இருக்கும்.

பலரையும் கவிழ்ப்பது பல்லை உடைக்கும் சொற்களல்ல, நமக்குத் தெரியும் என்று நினைக்கிற சொற்கள். 'குவாலிஃபை' என்றதும் தகுதி பெறுவது என்று கை போய்விடும். ஓர் ஆய்வாளர் தன் முடிவை 'குவாலிஃபை' செய்தார் என்றாலோ, 'இந்தச் சூழலுக்கு மட்டும்தான் பொருந்தும்' என்று அதற்கு வரம்பு கட்டினார் என்று பொருள். போலீஸ் மட்டுமல்ல, நோய் பரவுவதை மருந்தும் 'அரெஸ்ட்' செய்யும். 'சாங்ஷன்' இன்னும் பொல்லாதது: அனுமதியும் அதுதான், தண்டனையாக விதிக்கும் தடையும் அதுதான்.

ஆகவே வாக்கியத்தோடு படியுங்கள். ஒரு அட்டை, முன்பக்கம் நீங்கள் படித்த வாக்கியம், சொல் இருந்த இடத்தில் வெறும் கோடு. பின்பக்கம் சொல்லும், நீங்கள் பேசுகிற தமிழில் அதன் பொருளும். 'நொடோரியஸ்' என்பதற்குப் 'பிரசித்தி பெற்ற' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 'பேர் கெட்ட' என்று எழுதுங்கள், சொல்லின் வாடையும் சேர்ந்து வரும்.

மறதிக்கு, 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய பெட்டி முறை இருக்கிறது. முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு. தவறினால் எங்கிருந்தாலும் முதல் பெட்டிக்கே. நாளுக்குப் புதிதாக எட்டு போதும்.

வேர்ச்சொல் படிப்பதும் நல்லதுதான், அளவோடு. அதை நம்பி 'டிஸ்இன்ட்ரெஸ்டட்' என்பதை ஆர்வமில்லாதவர் என்று குறித்தால் மார்க் போய்விடும். தேர்வுப் பத்திகளில் அது பெரும்பாலும் பாரபட்சமற்றவரைக் குறிக்கும்.

அட்டைக்கு வாக்கியம் தேடி அலைய வேண்டாம். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே 'ப்ளூபுக்' செயலியில் மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. தவறவிட்ட ஒவ்வொரு சொல் கேள்விக்கும், சரியான விடைக்கு மட்டுமல்ல, நான்கு விடைகளுக்கும் அட்டை எழுதுங்கள்.